திறக்கலாகாத சுற்று

மின்சாரத்தைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகள் முதன்முதலாகக் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. பல்பை மாற்ற வேண்டுமானால் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். மின்விசிறியைத் துடைக்க வேண்டுமானாலும் அப்படியே. எங்கேனும் புகை நாற்றம் வந்தால் ஓடிச் சென்று மெயின் சுவிட்சையே அணைத்துவிட வேண்டும். இதையே பௌதிக ஆசிரியர் வகுப்பில் வேறு சொற்களால் சொல்லுவார்: சுற்றைத் திறந்துவிட்டால் மின்னோட்டம் நிற்கும், மின்னோட்டம் நின்றால் அபாயமும் நிற்கும். நல்ல பாடந்தான், எத்தனையோ உயிர்களைக் காத்த பாடம். ஆனால் இந்தப் பாடம் தலைகீழாகிவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே சுற்றைத் திறப்பவனே அபாயத்தை உண்டாக்குகிறான். சுற்றை மூடி வைப்பவனே பத்திரமாக வீடு திரும்புகிறான். மின்நிலையங்களிலும் ஆலைகளிலும் அளவுக் கருவிகளுக்காக வைக்கப்படும் சிறிய மின்மாற்றிகளைப் பற்றித்தான் சொல்லுகிறேன், மாணவ நண்பர்களே.

எங்கள் ஊராகிய திருக்கோஷ்டியூர், திருப்பத்தூரிலிருந்து சிவகங்கைக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது. சௌமிய நாராயணப் பெருமாள் கோயில் விமானத்தின் மேல்தளத்தில் நின்று நாற்புறமும் நோக்கினால், வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் இடையே மின்கம்பங்கள் வரிசை பிடித்துச் செல்வது தெரியும். அவற்றுள் சில வீடுகளுக்கு வரும் கம்பிகள். சில பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தைத் தாங்கிச் செல்லும் கம்பிகள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கம்பியில் ஓடும் மின்சாரத்திற்கு நிறமும் இல்லை, ஓசையும் இல்லை. அப்படியானால், துணை மின்நிலையத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஊழியர், “இந்தக் கம்பியில் இப்போது 160 ஆம்பியர் ஓடுகிறது, அழுத்தம் 10,900 வோல்ட்” என்று தம் குறிப்பேட்டில் எப்படி எழுதுகிறார்? அவர் எதிரே இருக்கும் மீட்டரோ கைக்கடக்கமான ஒரு பெட்டி. அதை நேரே 11,000 வோல்ட் கம்பியில் இணைத்தால், மீட்டரும் மிஞ்சாது, அதைப் பார்ப்பவரும் மிஞ்ச மாட்டார்.

நம் வீட்டுச் சமையலறையில் இதற்கு விடை இருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அடுப்பில் கொதிக்கும் பானைக்குள் கையை விட்டு யாரும் பதம் பார்ப்பதில்லை. அகப்பையால் ஒரு பருக்கையை எடுத்து, விரலால் நசுக்கிப் பார்க்கிறார்கள். பெரிய மின்னோட்டத்திலிருந்தும் பெரிய மின்னழுத்தத்திலிருந்தும் அப்படி ஒரு பருக்கையை எடுத்துத் தரும் அகப்பைகள் இரண்டு. ஒன்று மின்னோட்ட மாற்றி. தொழிலில் இருப்பவர்கள் சி.டி. என்பார்கள். மற்றொன்று மின்னழுத்த மாற்றி; அதைப் பி.டி. என்பார்கள். நானும் இனி அவ்வாறே சொல்லுகிறேன். இவை எடுத்துத் தரும் பருக்கை ஏனோதானோ என்று எடுத்த பருக்கையன்று. மூலத்தோடு திட்டமான விகிதம் உடையது. கம்பியில் 200 ஆம்பியர் ஓடினால் சி.டி.யின் மறுபுறம் 5 ஆம்பியர் வரும். 100 ஓடினால் இரண்டரை வரும். கம்பியில் 11,000 வோல்ட் இருந்தால் பி.டி.யின் மறுபுறம் 110 வோல்ட் இருக்கும். ஆகவே உலகத்து மீட்டர் செய்வோரெல்லாம், எந்த நாட்டுக் கம்பிக்கு என்று கவலைப்படாமல், 5 ஆம்பியருக்கோ 1 ஆம்பியருக்கோ, 110 வோல்ட்டுக்கோ அதை ஒத்த அழுத்தத்திற்கோ கருவி செய்துவிடலாம்.

இரண்டும் ஒரே தத்துவத்தின் குழந்தைகள். 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29ஆம் நாள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடங்கியபோதும் நிறுத்தியபோதும், அதனோடு தொடர்பே இல்லாத மற்றொன்றில் ஒரு கணம் மின்சாரம் துள்ளியது. அந்த வளையந்தான் இன்றைய மின்மாற்றிகள் அனைத்துக்கும் பாட்டன். அரை நூற்றாண்டு கழித்து, 1885இல், புடாபெஸ்டு நகரத்துப் பொறியாளர் மூவர் மூடிய இரும்பு உள்ளகத்தோடு கூடிய மின்மாற்றியைத் தொழிலுக்கு ஏற்ற சாதனமாகச் செய்து முடித்தனர்.

ஒரே தத்துவமாயினும் இணைக்கும் முறையில் இரண்டும் எதிரெதிரானவை. பி.டி.யை ஒரு கம்பிக்கும் இன்னொரு கம்பிக்கும் குறுக்கே இணைக்கிறோம், அதாவது இணையாக. சி.டி.யை ஒரே கம்பியின் வழியில், அதில் ஓடுவது முழுவதும் இதன் வழியாகவே செல்லுமாறு, தொடராக இணைக்கிறோம். பல சி.டி.க்களில் முதற் சுருள் என்று தனியாக ஒன்றைக் காணவே முடியாது. ஓர் இரும்பு வளையம்; அதன் நடுத்துவாரத்தின் வழியே மின்சாரம் செல்லும் செப்புப் பட்டை; அவ்வளவுதான். அந்தப் பட்டை ஒருமுறை ஊடுருவிச் செல்வதே ஒரு சுற்று என்று கணக்கு. வளையத்தின்மேல் மெல்லிய கம்பியை 40 சுற்றுச் சுற்றியிருந்தால், அது 200க்கு 5 என்ற விகிதமுள்ள சி.டி. ஒரு சுற்றில் 200 ஆம்பியர். 40 சுற்றில் 5 ஆம்பியர். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: இருபுறமும் 200 என்றே வரும். இந்தச் சமன்பாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அபாயத்தின் வேர் இதிலேதான் இருக்கிறது.

மின்பணியாளர்கள் கையில் கவ்வி போன்ற ஒரு மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். கம்பியை அறுக்காமல், அதைச் சுற்றிக் கவ்விப் பிடித்த உடனே ஆம்பியரைக் காட்டும். டாங் டெஸ்டர் என்று அதற்குப் பெயர். அதன் வாய் இரண்டாகத் திறக்கும் இரும்பு வளையம். கவ்வப்பட்ட கம்பியே அதன் முதற் சுருள். மாறுதிசை மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டர், கையில் எடுத்துச் செல்லும் ஒரு சி.டி.தான்.

இனி அபாயத்துக்கு வருகிறேன். எங்கள் சிவகங்கைச் சீமை கண்மாய்களின் சீமை. ஆகவே கண்மாயை வைத்தே சொல்லுகிறேன். வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். குழாயைத் திருகி மூடினால் தண்ணீர் நிற்கும். தொட்டிக்கு ஒரு கேடும் இல்லை. குழாய் உடைந்து வழி அகலமாகத் திறந்துவிட்டால்தான் கேடு. வீட்டு மின்சாரம் இந்தத் தொட்டியைப் போன்றது. பி.டி.யும் அதைப் போன்றதே. இனிக் கண்மாயைப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் வரத்துக்கால் வழியே வெள்ளம் வந்துகொண்டே இருக்கிறது. “கண்மாய் நிறைந்துவிட்டது, இனி வேண்டாம்” என்று நாம் சொன்னால் வெள்ளம் கேட்குமா? எங்கோ பெய்த மழை அதைத் தள்ளுகிறது. மிகுந்த நீர் கலுங்கு வழியே போய்க்கொண்டிருக்கும்வரை கரை பத்திரமாக இருக்கும். யாரேனும் அறிவின்றிக் கலுங்கை அடைத்துவிட்டால் நீர் ஏறும், ஏறும், கரை உடையும். சி.டி. என்பது கண்மாய். அதன் துணைச் சுருளில் இணைத்த மீட்டர்ச் சுற்றுத்தான் கலுங்கு.

சாதாரண மின்மாற்றியில் துணைச் சுருளில் எவ்வளவு பளு இருக்கிறதோ அதற்கேற்பவே முதற் சுருள் மின்சாரத்தை இழுத்துக்கொள்கிறது. பளுவை எடுத்துவிட்டால் முதற் சுருளும் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். சி.டி.யிலோ முதற் சுருளில் ஓடும் 200 ஆம்பியரை முடிவு செய்வது யார்? அந்தக் கம்பியின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளும் பம்பு செட்டுகளும். நம் மீட்டர் இருக்கிறதா இல்லையா என்பது அவற்றுக்குத் தெரியவே தெரியாது. அந்த 200 ஆம்பியர் இரும்பு வளையத்தைக் காந்தமாக்க முயல்கிறது. துணைச் சுருளில் ஓடும் 5 ஆம்பியர், 40 சுற்றுகளின் பலத்தோடு, அதை எதிர்த்து ஏறக்குறைய முழுவதையும் சமன் செய்துவிடுகிறது. மிச்சமாகும் சிறிதளவு காந்தப் பாயந்தான் வளையத்தில் இருக்கும். இப்போது ஒருவர் மீட்டரைக் கழற்றித் துணைச் சுற்றைத் திறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பு ஒரே கணத்தில் மறைந்துவிட்டது. முன்னே 200க்கு எதிராக 200 நின்றது. இப்போது 200 மட்டும் நிற்கிறது. அத்தனையும் இரும்பைக் காந்தமாக்குவதிலேயே செலவாகிறது. இரும்பு தன்னால் இயன்ற மட்டும் காந்தப் பாயத்தை ஏற்று நிறைவுற்றுவிடும். நம் நாட்டில் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. ஆகவே விநாடிக்கு 100 முறை, மின்னோட்டம் திசைமாறும் ஒவ்வொரு முறையும், அந்த நிறைவுற்ற காந்தம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மிகமிக விரைவாகத் தாவுகிறது. பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் சுருளில் தூண்டப்படும் என்பது பாரடே கண்ட விதி. விளைவு: திறந்து கிடக்கும் இரண்டு முனைகளிடையே பல நூறு வோல்ட்டிலிருந்து சில ஆயிரம் வோல்ட் வரை ஊசிமுனைபோல் எழும்பும் அழுத்தம். ஒரு நிமிஷத்துக்கு முன் அதே திருகாணிகளுக்கு இடையே ஒரு வோல்ட் அளவுகூட இருந்திருக்காது.

துணைப்பக்கம் 1 ஆம்பியர் உள்ள சி.டி. ‘சிறியது’ என்று எண்ணுவோர் உண்டு. அதில் சுற்றுகள் 200; ஐந்து மடங்கு. ஆகவே அதே வளையத்தில் திறந்த முனையின் அழுத்தமும் ஐந்து மடங்கு. சிறிய எண்ணைக் கண்டு ஏமாறக் கூடாது.

நான் ஒரு நூற்பாலையில் பணியாற்றிய காலத்தில் இதைக் கண்ணாரக் கண்டேன். பேனலில் ஆம்மீட்டரின் முள் சிக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. அனுபவம் மிக்க ஒயர்மேன் ஒருவர், நல்ல உழைப்பாளி, அதைக் கழற்றிப் பார்க்க முற்பட்டார். ஆலை ஓடிக்கொண்டிருந்தது. “ஐந்து ஆம்பியர் மீட்டர்தானே” என்பது அவர் எண்ணம். முனையிலிருந்து வயரை இழுத்ததுதான் தாமதம். நீலநிறப் பொறி ஒன்று விரலுக்கும் திருகாணிக்கும் நடுவே சீறிற்று. பேனலுக்குப் பின்னால் இரும்பு வளையம் வண்டு உறுமுவதுபோல் உறுமத் தொடங்கிற்று. வார்னிஷ் கருகும் நாற்றம் எழுந்தது. அவர் காலடியில் ரப்பர் விரிப்பு இருந்தது. அதனால் கைவிரலில் தீப்புண்ணோடு தப்பினார். அந்த உறுமல்தான் இன்றும் என் காதில் இருக்கிறது. இரும்பு நிறைவுற்ற நிலையில் எழுப்பும் ஓசை அது. அன்று மாலை அவர் என்னிடம் கேட்ட கேள்வி: “ஐயா, சி.டி. வயரைத் தொடாதே என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. ஏன் தொடக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லையே?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. பழைய போர்மேன்கள் சிலர் தொழில் நுட்பங்களை மந்திரம்போல் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். காரணம் தெரியாத விதி, அவசரம் வரும்போது மீறப்படும். திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து வந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பெற்ற உபதேசத்தை, இந்தக் கோயிலின் உயரத்தில் ஏறி நின்று ஊரார் அனைவரும் கேட்க இராமாநுசர் சொல்லிவிட்டார் என்பது எங்கள் ஊருக்குப் புகழ் தந்த வரலாறு. இந்த ஊரில் பிறந்தவனுக்குத் தொழில் இரகசியம் என்ற சொல்லே பிடிப்பதில்லை.

ஆகவே செய்ய வேண்டிய முறையைக் காரணத்தோடு சொல்லுகிறேன். சி.டி.யின் துணைச் சுற்றில் உள்ள மீட்டரைக் கழற்ற வேண்டுமானால், முதலில் அந்தச் சுருளின் இரண்டு முனைகளையும் ஒரு செப்பு இணைப்பால் குறுக்கே சேர்த்துவிட வேண்டும்; தொழிலாளர் மொழியில் ‘ஷார்ட்’ செய்துவிட வேண்டும். கலுங்கை அடைக்கும் முன்னே வேறொரு கலுங்கைத் திறந்துவிடுவது போன்றது அது. பின்னரே மீட்டரைக் கழற்றலாம். திரும்ப மாட்டும்போது வரிசை தலைகீழ்: முதலில் மீட்டரை முழுவதும் இணைத்துத் திருகாணிகளை இறுக்கிவிட்டு, அதன் பிறகே ஷார்ட்டை எடுக்க வேண்டும். நல்ல பேனல்களில் இதற்கென்றே டெஸ்ட் டெர்மினல் பிளாக் என்ற கட்டை இருக்கும்; அதில் உள்ள நகரும் இணைப்புகள் இந்த வேலையைச் செய்யும். அது இல்லாத பேனலிலும், ஐயம் சிறிதேனும் இருக்கும் இடத்திலும், கம்பியின் மின்சாரத்தையே நிறுத்திவிட்டு வேலை செய்வதே முறை. வீட்டில் ஷார்ட் என்றால் அஞ்சி ஓடுகிறோம்; இங்கே ஷார்ட்டே காவலன். 5 ஆம்பியருக்கு மேல் ஓடிவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஓடுவதை முடிவு செய்வது மேலே உள்ள 200 ஆம்பியர்தான்.

இதே காரணத்தால் சி.டி.யின் துணைச் சுற்றில் பியூஸ் வைக்கலாகாது. பியூஸ் என்பது எரிந்து சுற்றைத் திறப்பதற்காகவே பிறந்தது. கம்பியில் கோளாறு ஏற்பட்டு மின்னோட்டம் பெருகும் அந்தக் கொடிய வேளையில் அது எரிந்து, கலுங்கை அடைத்துவிடும். சுற்றில் தளர்ந்த திருகாணியும் பாதி திறந்த கதவுதான்.

தற்செயலாகத் திறந்துவிட்ட சி.டி. வெளிக்குக் கெடாததுபோல் தோன்றினாலும், அதன் இரும்பில் காந்தம் தங்கிவிடக் கூடும். அதன் பிறகு அது காட்டும் விகிதத்தை அப்படியே நம்ப முடியாது. சோதித்து, காந்தத்தை நீக்கிய பின்பே மறுபடி பயன்படுத்த வேண்டும்.

பி.டி.யின் கதை நேர்மாறு. அதன் துணைச் சுற்றைத் திறந்து வைப்பதால் கேடில்லை. ஷார்ட் செய்தால் சுருள் எரிந்துவிடும். ஆகவே அதன் துணைப் பக்கத்தில் பியூஸ் கட்டாயம் வேண்டும். ஒரே பேனலில், ஒரு சாண் இடைவெளியில், ஒன்றைத் திறக்கக் கூடாது, மற்றொன்றை ஷார்ட் செய்யக் கூடாது என்று இரண்டு விதிகள் இருப்பதுதான் இளம் பணியாளனைக் குழப்புகிறது. தொட்டியையும் கண்மாயையும் நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

பி.டி.யில் மறைந்திருக்கும் வேறோர் அபாயம் உண்டு. நூல்களில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. மின்மாற்றி ஒருவழிப் பாதையன்று. 11,000 வோல்ட்டை 110 ஆக்கும் அதே சாதனம், 110ஐ 11,000 ஆக்கவும் தயங்காது. ஒரு கம்பியில் பழுது பார்க்க வேண்டுமென்று பிரேக்கரைத் திறந்து, லைன் கிளியர் பெற்று, மேலே ஆட்கள் ஏறியிருக்கிறார்கள் என்று கொள்வோம். கட்டுப்பாட்டு அறையில் மற்றொருவர், மின்சாரம் இல்லாத வேளைதானே என்று, மீட்டரைச் சோதிக்க வெளியிலிருந்து 110 வோல்ட்டைக் கொடுக்கிறார். பி.டி.யின் பியூஸை அவர் எடுக்கவில்லை. அந்த 110 வோல்ட் பி.டி.க்குள் பின்வழியாகப் புகுந்து, உயிரற்றது என்று நம்பிய கம்பியில் 11,000 வோல்ட்டாக எழுந்து நிற்கும். இந்தக் காரணத்தினால்தான், வேலைக்கு முன் பிரேக்கரைத் திறந்தால் மட்டும் போதாது, பி.டி.யின் துணைப் பக்கத்துப் பியூஸையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை நடக்கும் இடத்தின் இருபுறமும் எர்த் ராடு மாட்ட வேண்டும் என்கிறார்கள். எர்த் ராடு மாட்டுவதை வீண் வேலை என்று சலித்துக்கொள்பவர்களை நான் கண்டதுண்டு. மேலே ஏறுபவர் தம் உடன்பிறந்தவராக இருந்தால் அப்படிச் சலித்துக்கொள்வார்களா?

இருவகை மாற்றிகளுக்கும் பொதுவான விதி, துணைச் சுருளின் ஒரு முனையை நிலத்தோடு இணைப்பது. மேலே 11,000 வோல்ட், கீழே 110 வோல்ட். இடையே சில விரற்கடை அளவே உள்ள காப்பு. அந்தக் காப்பு என்றேனும் பழுதானால், கட்டுப்பாட்டு அறைக்குள் மீட்டர் கம்பி வழியே 11,000 வோல்ட் நுழைந்துவிடும். எர்த் இருந்தால் அது நிலத்துக்குள் இறங்கிவிடும். பிரேக்கரும் உடனே விழுந்துவிடும். காப்புக் கெடாத நாளிலுங்கூட எர்த் இல்லாத துணைச் சுருள் மேலேயுள்ள அழுத்தத்தின் சாயலைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு நிற்கும், தொட்டவர் துள்ளுவார். ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லதல்லவா என்று கேட்கலாம். இல்லை. ஒரே சுற்றுக்கு இரண்டு இடங்களில் எர்த் கொடுத்தால், கோளாறு நேரும்போது அந்த இரண்டு இடங்களின் நிலத்தழுத்தம் வேறுபட்டு, இடையே வேண்டாத மின்னோட்டம் ஓடும். பாதுகாப்பு ரிலேக்கள் ஏமாந்து தவறாக இயங்கும். ஒரு சுற்றுக்கு ஓர் எர்த்.

உயிரைப் பற்றிச் சொன்னேன். காசைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். சி.டி.யின் முகத்தில் பி-1, பி-2 என்றும், துணைப் பக்கத்தில் எஸ்-1, எஸ்-2 என்றும் குறிகள் பொறித்திருப்பார்கள். மின்னோட்டம் பி-1 வழியே நுழையும் கணத்தில் எஸ்-1 வழியே வெளிவரும் என்று பொருள். மூன்று கம்பிகளுக்கும் மூன்று சி.டி. வைத்து மின்சாரத்தைக் கணக்கிடும் இடத்தில், அவற்றுள் ஒன்றின் முனைகளை மட்டும் மாற்றி இணைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஒன்றும் இரண்டு, மூன்றாவதைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழிக்கிறது, மிஞ்சுவது ஒன்று. மூன்று கம்பிகளிலும் பளு சமமாக இருந்தால், மூன்று யூனிட் செலவழித்தவருக்கு ஒரு யூனிட்டுக்கே மீட்டர் கணக்குக் காட்டும். எழுத்து மாறியதால் வந்த நஷ்டம் இது. இத்தகைய தலைகீழ் ஓட்டத்தை இன்றைய மின்னணு மீட்டர்கள் தாமாகவே கண்டு குறித்துவைக்கக் கூடியவை.

பெருக்கு எண் என்ற ஒன்றும் உண்டு. 200க்கு 5 என்ற சி.டி.யின் விகிதம் 40. 11,000க்கு 110 என்ற பி.டி.யின் விகிதம் 100. இரண்டையும் பெருக்கினால் 4,000. 5 ஆம்பியர், 110 வோல்ட் என்ற அளவிலேயே எண்ணும் மீட்டர், அந்தக் கம்பியில் ஒரு யூனிட் ஏறினால், உண்மையில் ஓடியது 4,000 யூனிட். விகிதம் 200க்கு 5 ஆக இருக்கும் சி.டி.யை 100க்கு 5 என்று ஏட்டில் எழுதிவிட்டால், மாதந்தோறும் பாதித் தொகைக்கே பில் போகும். நீங்கள் வீட்டிலேயே இந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கலாம். சோதனையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள்.

சி.டி.யிலிருந்து மீட்டர்வரை செல்லும் வயரின் நீளமும் கவனிக்கத்தக்கது. அந்த வயரின் தடை, போக்குவரத்து இரண்டுக்குமாக, 0.2 ஓம் என்று கொள்ளுங்கள். 5 ஆம்பியர் ஓடும்போது அது விழுங்குவது 5 வாட். 1 ஆம்பியர் ஓடும்போது 0.2 வாட் மட்டுமே. சி.டி. சுமக்க வேண்டிய இந்தப் பாரம் அதற்கு விதித்த அளவை மீறினால் அளவு பிசகும். திறந்த வெளியில் சி.டி.யும் நெடுந்தொலைவில் கட்டுப்பாட்டு அறையும் உள்ள பெரிய துணை மின்நிலையங்களில் 1 ஆம்பியர் சி.டி.யை விரும்புவது இதனால்தான்.

அளப்பதற்குரிய சி.டி. வேறு, காப்பதற்குரிய சி.டி. வேறு. கணக்குக்கு உரியது நுட்பமாக இருக்க வேண்டும், 0.5 வகுப்பு என்றால் முழு ஓட்டத்தில் பிழை நூற்றுக்கு அரைக்குள். ஆனால் கோளாறு நேர்ந்து மின்னோட்டம் பன்மடங்காகும்போது அதன் இரும்பு விரைவில் நிறைவுற்றுவிட வேண்டும். அப்போதுதான் மீட்டர் பிழைக்கும். ரிலேக்கு உரியதோ அந்த வேளையில்தான் விழித்திருக்க வேண்டும். 5-பி-10 என்று குறித்திருந்தால், விதித்த ஓட்டத்தின் பத்து மடங்கு வரை நூற்றுக்கு ஐந்துக்குள் பிழையோடு உண்மை சொல்லும் என்று பொருள். ஒரே கூட்டுக்குள் இரண்டு வளையங்களையும் வைத்துச் செய்வதுண்டு. இணைப்பவர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இணைத்துவிட்டால், சாதாரண நாளில் ஒரு குறையும் தெரியாது. கோளாறு வரும் நாளில்தான் தெரியும். பயன்படாத வளையம் ஏதேனும் இருந்தால், அதன் முனைகளையும் ஷார்ட் செய்தே வைக்க வேண்டும். “யாரும் இதை இணைக்கவில்லையே” என்று திறந்து விட்டுவிடுவதும் கலுங்கை அடைப்பதே.

நம் நாட்டு மின்சார வரலாற்றில் இந்தச் சிறு சாதனங்களுக்கு உள்ள பங்கை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பைகாரா மின்நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிற்று, மேட்டூர் 1937இல், பாபநாசம் 1944இல். பின்னர் இவை ஒரே வலையாகப் பிணைக்கப்பட்டன. இரண்டு மின்நிலையங்களை ஒன்றோடொன்று சேர்க்க வேண்டுமானால், இரண்டின் அழுத்தமும் சுழற்சியும், அலை எழுந்து விழும் கணமும் ஒத்திருக்க வேண்டும். பிரேக்கரின் இருபுறமும் உள்ள பி.டி.க்கள் கொண்டுவரும் அழுத்தங்களை ஒப்பிட்டே அந்தக் கணத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பணியாளர் பாதுகாப்புக்காக 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் 2010இல் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் வந்தன. அவையும் 2023இல் புதிதாக வகுக்கப்பட்டன.

காரைக்குடிப் பக்கத்து மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கக் கூடும். அங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த நிலையம் அது. மின்வேதியியலுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம். அதைச் சி.டி. கொண்டு அளக்கலாமா? முடியாது. மாறாத ஓட்டம் மாறாத காந்தத்தையே உண்டாக்கும். துணைச் சுருளில் ஒன்றும் தூண்டப்படாது. இரும்பு வீணாக நிறைவுற்று நிற்கும். அங்கே தடை மிகக் குறைந்த ஒரு பட்டையின் வழியே ஓட்டத்தைச் செலுத்தி, அதன் இரு முனைகளுக்கும் இடையே எழும் சில மில்லிவோல்ட்டை அளக்கிறார்கள். அதற்கு ஷண்ட் என்று பெயர். காந்தத்தையே நேராக உணரும் வேறு கருவிகளும் இன்று உண்டு.

உங்கள் வீட்டிலும் ஒரு சி.டி. இருக்கக் கூடும். மெயின் பெட்டியில் ‘டெஸ்ட்’ என்று எழுதிய சிறு பொத்தான் கொண்ட ஒரு சுவிட்சு இருந்தால், அதற்குள் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் அதன் வழியே சேர்ந்தே செல்கின்றன. போனதும் வந்ததும் சமமாக இருந்தால் வளையத்தில் காந்தம் எழாது. யாரேனும் மின்சாரத்தைத் தொட்டு, ஒரு பகுதி அவர் உடல் வழியே நிலத்துக்கு இறங்கினால், கணக்கு இடிக்கும். துணைச் சுருளில் மின்சாரம் எழுந்து சுவிட்சை வீழ்த்தும். வீடுகளில் வைப்பது பெரும்பாலும் ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு வேறுபாட்டுக்கே விழுந்துவிடும்.

உலகின் சில துணை மின்நிலையங்களில் இன்று இரும்பும் செப்பும் இல்லாத சி.டி.க்கள் வந்திருக்கின்றன. கண்ணாடி இழைக்குள் ஒளியைச் செலுத்தி, அருகே ஓடும் மின்சாரத்தின் காந்தம் அந்த ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கிறார்கள். காந்தம் ஒளியைத் திருப்பும் என்பதைக் கண்டவரும் பாரடேதான்; ஆண்டு 1845. இத்தகைய கருவியின் இழையை அறுத்தாலும் பொறி பறக்காது, கரை உடையாது. எனினும் நம் ஆலைகளிலும் துணை மின்நிலையங்களிலும் பெரும்பாலும் இருப்பவை பழைய இரும்பு வளையங்களே. அவற்றின் துணை முனைகளை இன்றும் ஷார்ட் செய்த பிறகே திறக்க வேண்டும்.